வாடகைக்கு விடப் பழைய வீடு வாங்கியாச்சு, வேலைக்கு நம்பகமான ஆள் எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோம்பேட்டையில் 1996-ல் கட்டிய ஒரு இரண்டு பெட்ரூம் பிளாட்டை 2019-ல் வாங்கினேன், வாடகைக்கு விடுவதற்காகவே. மூன்று வருடம் கழித்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு பழைய தனி வீடு. முதல் வீட்டில் கான்ட்ராக்டர் பாதியில் விட்டுப் போனார். இரண்டாவது வீட்டில் சொன்ன தேதிக்கு ஆறு நாள் முன்பே வேலை முடிந்து சாவி கைக்கு வந்துவிட்டது. நடுவில் நான் ஆள் தேடும் விதமும் பணம் கொடுக்கும் விதமும் அடியோடு மாறியிருந்தன. புதிதாக வீடு வாங்கிய சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சென்னையை வைத்துத்தான் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

யாரைக் கூப்பிடுவது? கான்ட்ராக்டரா, மேஸ்திரியா, தனித்தனி ஆட்களா?

வேலையின் அளவைப் பொறுத்தது. பெயிண்ட் மட்டும் என்றால் ஒரு பெயிண்டர் போதும், இடையில் இன்னொருவர் எதற்கு. பாத்ரூம் உடைப்பது, பைப் மாற்றுவது, வயரிங், டைல்ஸ், பெயிண்ட் என்று நான்கைந்து வேலை ஒன்றின் பின் ஒன்றாக வரும்போதுதான் எல்லாவற்றையும் கோத்துக் கொண்டுபோக ஒருவர் வேண்டும். பிளம்பர் முடிக்காமல் டைல்ஸ்காரர் வந்து நிற்பார், அவருக்கு அன்றைய கூலி போகும், மறுநாள் கூப்பிட்டால் அவர் வேறு இடத்தில் இருப்பார். அந்தத் தலைவலியை ஏற்றுக்கொள்வதற்குத்தான் கான்ட்ராக்டருக்குக் காசு.

புதிதாக இறங்குபவர்களுக்கு நான் சொல்வது, ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய கம்பெனியும் வேண்டாம், ஒற்றை ஆளும் வேண்டாம். தானும் கரண்டி பிடித்து வேலை செய்கிற, கூட நான்கைந்து ஆள் வைத்திருக்கிற, பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வருடக்கணக்காகக் கூடவே வருகிற ஒரு மேஸ்திரியைத் தேடுங்கள். ஒரு பிளாட் வேலை அவருக்குப் பெரிய வேலை, அதனால் முழுக் கவனமும் இருக்கும். இரண்டு மாடி வீடு கட்டுகிற கான்ட்ராக்டருக்கு உங்கள் பாத்ரூம் ஒரு ஓரத்து வேலைதான், அங்கே கான்கிரீட் போடும் நாளில் உங்கள் ஆட்களைத்தான் எடுத்துக்கொண்டு போவார்.

சரி, அப்படிப்பட்ட மேஸ்திரி எங்கே கிடைப்பார்?

வீடு இருக்கும் தெருவிலேயே. இரண்டாவது வீட்டுக்கு நான் செய்தது இதுதான்: ஞாயிற்றுக்கிழமையில் போகாமல், ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு அந்தப் பகுதியில் நடந்தேன். எங்கே மணல் கொட்டியிருக்கிறதோ, எங்கே பழைய டைல்ஸ் மூட்டை கட்டி வாசலில் கிடக்கிறதோ அங்கே நின்று, வீட்டுக்காரரிடம் "எத்தனை நாளா நடக்குது, ஆள் ஒழுங்கா வர்றாங்களா" என்று கேட்டேன். வேலை நடந்துகொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் சொல்வது பச்சையாக இருக்கும். முடிந்து ஒரு வருடம் ஆன பிறகு கேட்டால் "ஏதோ பரவாயில்லை" என்பார்கள், வலி மறந்திருக்கும்.

அடுத்தது ஹார்டுவேர் கடை. ஆனால் "நல்ல பிளம்பர் சொல்லுங்க" என்று கேட்டால் கடைக்காரர் தன் கடையில் அதிகம் வாங்குபவரின் நம்பரைத்தான் தருவார். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "உங்ககிட்ட கடன் வைக்காம வாங்கற மேஸ்திரி யாரு?" கடைக்காரருக்கு இது உடனே புரியும். கடையில் பாக்கி இல்லாதவர் என்றால் ஒரு வீட்டுப் பணத்தை இன்னொரு வீட்டில் போட்டு ஓட்டாதவர் என்று பெரும்பாலும் நம்பலாம். எனக்கு இப்போது வேலை செய்யும் மேஸ்திரி இப்படிக் கிடைத்தவர்தான்.

பிளாட் என்றால் வாட்ச்மேனிடமும் அசோசியேஷன் செயலாளரிடமும் கேளுங்கள். அந்தக் கட்டடத்தில் எந்த லைன் எங்கே ஓடுகிறது, எந்த வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்கு ஒழுகியது, யார் வந்து நிறுத்தினார்கள் என்பதெல்லாம் வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்கும். மொபைல் ஆப்களில் கிடைக்கும் ஆட்களைக் குழாய் மாற்ற, ஃபேன் மாட்டக் கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

அவர் முன்பு செய்த வேலையைப் பார்க்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

நேராக பாத்ரூமுக்குப் போங்கள். ஒரு மக் தண்ணீரைக் கதவோரம் ஊற்றிவிட்டுப் பாருங்கள். வாட்டம் (தரையின் சரிவு) சரியாக வைத்திருந்தால் தண்ணீர் நேராக டிராப் (தண்ணீர் வெளியேறும் வாய்) இருக்கும் மூலைக்கு ஓடும். ஒரு மூலையில் குளமாகத் தேங்கினால், அல்லது கதவுப் பக்கம் திரும்பி வந்தால், மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அந்த ஆள் வேண்டாம்.

அப்புறம் ஒரு நாணயத்தையோ சாவியையோ எடுத்து டைல்ஸின் நான்கு மூலையிலும் தட்டுங்கள். அடியில் கலவை நிறைந்திருந்தால் கெட்டியான சத்தம் வரும், காலியாக இருந்தால் பொள்ளல் சத்தம். ஒன்றிரண்டு பொள்ளல் எல்லா வீட்டிலும் இருக்கும். வரிசையாக இருந்தால் அவசரமாகப் போட்ட வேலை, சிலிண்டர் உருட்டும் நாளில் உடையும். சுவிட்ச் பெட்டிகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று தள்ளி நின்று பாருங்கள்.

முடிந்தால் ஒரு மழைக்காலம் தாண்டிய வேலையைப் பார்க்கக் கேளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை தாண்டிய சுவர் பொய் சொல்லாது. ஓதம் ஏறியிருந்தால் பெயிண்ட் உப்பி உதிரும்.

மூன்று பேரிடம் ரேட் கேட்டேன். ஒருவர் 2 லட்சம், ஒருவர் 2.80, ஒருவர் 4 லட்சம் என்கிறார். யாரை நம்புவது?

மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு ரேட் சொல்லியிருக்கிறார்கள், அதனால் இப்போதைக்கு ஒப்பிடவே முடியாது. 2 லட்சம் சொன்னவர் பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்ட நினைத்திருப்பார். 4 லட்சம் சொன்னவர் பைப்பையெல்லாம் மாற்றி, வாட்டர் ப்ரூஃபிங் செய்து, ரப்பிஷ் (இடித்த கழிவு) அள்ளும் வண்டி வாடகை வரை சேர்த்திருப்பார்.

நீங்கள் முதலில் ஒரு நோட்டு எடுத்து அறை அறையாக எழுத வேண்டும். எதை உடைக்கணும், எந்த அளவு டைல்ஸ், எத்தனை அடி உயரம், எத்தனை லைட் பாயிண்ட், எத்தனை பிளக் பாயிண்ட், பட்டி (பெயிண்ட்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் பூச்சு) எத்தனை கோட், பெயிண்ட் எத்தனை கோட், ரப்பிஷ் யார் அள்ளுவது. இந்த ஒரே தாளை மூவரிடமும் கொடுங்கள், வீட்டுக்கு வந்து அளவெடுத்த பிறகுதான் ரேட் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். போனிலேயே "சதுரத்துக்கு (நூறு சதுர அடிக்கு) இவ்வளவு" என்று சொல்பவரை விட்டுவிடலாம். சதுரக் கணக்கு புதுக் கட்டடத்துக்குச் சரிப்படும். பழைய வீட்டில் உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும்.

தாள் கொடுத்த பிறகும் ஒருவர் மட்டும் மிகவும் குறைவாகச் சொன்னால், எந்த வேலையில் குறைக்கிறார் என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லும்போது கேட்டுக்கொண்டே இருந்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். நல்ல மேஸ்திரி உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்பார்: வாடகைக்கா, குடும்பத்துக்கா பேச்சலருக்கா, போர் தண்ணியா மெட்ரோ தண்ணியா, கீழ் வீட்டில் சீலிங் பார்க்க விடுவார்களா. எதையும் கேட்காமல் "முடிச்சுக் குடுத்துடலாம் மேடம்" என்று மட்டும் சொல்பவரிடம் எனக்குப் பயம்.

லேபர் மட்டும் பேசுவதா, மெட்டீரியலோடு சேர்த்துப் பேசுவதா?

உங்கள் முதல் வீட்டுக்கு லேபர் மட்டும் பேசுங்கள். மெட்டீரியலை நீங்களே வாங்குங்கள். அலைச்சல்தான், ஆனால் எதற்கு எவ்வளவு ஆகிறது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறும், அடுத்த வீட்டுக்கு யாரும் உங்களுக்குக் கதை சொல்ல முடியாது.

இதில் இன்னொரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கடைகள் பல பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கமிஷன் கொடுக்கின்றன, பட்டி மூட்டைக்குள்ளும் பெயிண்ட் டப்பாவிலும் பெயிண்டருக்கு டோக்கன் (காசாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) இருக்கிறது. அந்த வருமானத்தைச் சேர்த்துத்தான் அவர்கள் கூலி பேசுகிறார்கள், இதற்காக அவர்களைத் திருடர்கள் மாதிரிப் பார்க்க வேண்டாம். நான் பெயிண்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "டோக்கன் உங்களுக்குத்தான், ஆனா எந்த பெயிண்ட்னு நான்தான் முடிவு பண்ணுவேன்." இரண்டு பக்கமும் நிம்மதி.

சிமெண்ட், எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), பூச்சுக்கான பி சாண்ட் மாதிரிச் சில்லறையாகத் தேவைப்படுவதை மேஸ்திரியே அருகில் வாங்கிக்கொள்ளட்டும், பில் மட்டும் உங்கள் பெயரில். பைப், ஒயர், சுவிட்ச், டைல்ஸ், குழாய் ஐந்தும் உங்கள் கையால் வாங்குங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

குரோம்பேட்டை வீட்டுக்கு மெட்டீரியலோடு 3,20,000 ரூபாய்க்குப் பேசி, நல்ல நாள் பார்த்து 1,50,000 அட்வான்ஸ் கொடுத்தேன். பேச்சு அவ்வளவு பணிவு, வண்டி நிறைய ஆட்களோடு வந்தார். ஐந்து நாளில் இரண்டு பாத்ரூமையும் சமையல்கட்டு மேடையையும் உடைத்துப் போட்டார்கள். ஆறாவது நாளிலிருந்து ஆள் இல்லை. "நாளைக்கு ஆள் அனுப்பிடறேன் மேடம்" என்பார், நாளை வரும், ஆள் வராது. அப்புறம் தீபாவளி வந்தது, ஊருக்குப் போனார், அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அந்த வீடு அப்படியே இடிந்த கோலத்தில் கிடந்தது. மொத்தம் நான்கு மாதம் காலி, வாடகை 16,000 வீதம் 64,000 போயிற்று, மெயிண்டனன்ஸ் தனியாகக் கட்டினேன்.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கு முந்தைய சைட்டில் மெட்டீரியல் கடன் நின்றிருந்தது, என் அட்வான்ஸ் அங்கே போய்விட்டது. என் வீட்டு வேலையைச் செய்ய அவருக்கு இன்னொருவரின் அட்வான்ஸ் வர வேண்டும். பல சின்ன கான்ட்ராக்டர்கள் இந்தச் சுழலில்தான் ஓடுகிறார்கள். ஏமாற்ற வேண்டும் என்று கிளம்புபவர்கள் குறைவு, கையில் முதல் இல்லாமல் அடுத்தவர் பணத்தில் ஓட்டுபவர்கள் நிறைய. இடிப்பது மலிவு, கட்டுவதுதான் செலவு, அதனால் முதலில் வேகமாக இடித்துவிடுவார்கள். இடிந்த வீட்டை வைத்துக்கொண்டு நீங்கள் வேறு ஆளைத் தேட முடியாமல் அவர் பின்னாலேயே அலைவீர்கள்.

தாம்பரம் வீட்டில் லேபர் மட்டும் 1,80,000-க்குப் பேசினேன். கொடுத்த கணக்கு இது. வேலை தொடங்கும் நாளில் 15,000. உடைத்து ரப்பிஷ் வெளியே போனதும் 25,000. சுவருக்குள் போகும் பைப்பும் ஒயர் குழாயும் பதித்து, தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகு 40,000. டைல்ஸ் முடிந்ததும் 50,000. பட்டி, பெயிண்ட் முடிந்ததும் 30,000. கடைசி 20,000 வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து. தொடங்கிய நாளை விட்டால், எந்த நாளில் கணக்குப் பார்த்தாலும் நான் கொடுத்ததைவிட அவர் செய்த வேலை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதை விட்டுவிட்டால் இந்தக் கணக்கு நடக்காது. சனிக்கிழமை சம்பள நாள். மேஸ்திரி சாயங்காலம் தன் ஆட்களுக்குக் கொடுத்தாக வேண்டும், அவர்கள் அந்தக் காசில்தான் வாரம் முழுவதற்கும் அரிசி பருப்பு வாங்குகிறார்கள். ஒரு கட்டம் வெள்ளிக்கிழமை முடிந்தால் சனிக்கிழமை மதியத்துக்குள் பணம் போய்விட வேண்டும். கட்டம் முடியாமல் நடுவில் சனிக்கிழமை வந்தால், முடிந்த அளவுக்குக் கணக்குப் போட்டு ஒரு பங்கைக் கொடுத்து அந்தக் கட்டத்தில் கழித்துக்கொள்ளுங்கள். "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று நீங்கள் இழுத்தால், திங்கட்கிழமை அவர் வேறு வீட்டில் இருப்பார். அது நியாயமும்கூட.

இவ்வளவு சின்ன வேலைக்கு எழுதி வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டும். ஒரு தாளில் தமிழில், அவருக்கும் படித்தால் புரிகிற மாதிரி எழுதுங்கள். அறை அறையாக வேலை, மொத்தத் தொகை, மேலே சொன்ன மாதிரி கட்டங்கள், முடியும் தேதி, கூடுதல் வேலைக்கு முன்கூட்டியே ரேட் பேசி இதே தாளில் எழுதிய பிறகே தொடங்குவது. இந்தக் கடைசி வரி மிக முக்கியம். சண்டை எல்லாம் "எக்ஸ்ட்ரா வேலை"யில்தான் வரும். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐயிலோ அனுப்புங்கள், குறிப்பில் எந்தக் கட்டம் என்று எழுதுங்கள்.

பாத்ரூம் வேலையில் எதில் விட்டுக்கொடுக்கவே கூடாது?

தண்ணீர் கட்டி வைத்துப் பார்ப்பதில். தரையைக் கொத்தி எடுத்து, பைப் பதித்து, வாட்டர் ப்ரூஃபிங் அடித்துக் காய்ந்ததும், டிராப்பைத் துணியால் இறுக்கி அடைத்துவிட்டு இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 48 மணி நேரம் நிற்கட்டும். சுவரில் பென்சிலால் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

குரோம்பேட்டை வீட்டைப் பிறகு முடித்துக்கொடுத்த கொத்தனார் இதைச் செய்யும்போது நான் கூட இருந்தேன். இரண்டாம் நாள் காலை போய்ப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. கீழ் வீட்டு அம்மாவிடம் கேட்டுவிட்டு அவர்கள் பாத்ரூமில் ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கில் கை வைத்துப் பார்த்தார். பைப் இறங்கும் இடத்தைச் சுற்றி ஈரம். "நல்லவேளை மேடம், டைல்ஸ் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தை மட்டும் கொத்தி, கெமிக்கல் கலந்து அடைத்து, மறுபடி இரண்டு நாள் தண்ணீர் கட்டினார். இரண்டு நாள் தாமதம், அவருடைய காசில்தான் அந்தக் கூலி போனது. முகம் சுளிக்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மாதிரி ஆளைத்தான் தேட வேண்டும் என்று. வருடம் பல ஆகியும் அந்த வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வயரிங்?

உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் மட்டும்தான். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், எர்த் தனியாக, ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) கட்டாயம். தரைத்தளமாக இருந்தால் பிளக் பாயிண்ட்டை உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

எவ்வளவு செலவு செய்வது நியாயம்? வாடகை வீட்டுக்கு இவ்வளவு தேவையா?

வெளியே தெரியாத இடத்தில் செலவு செய்யுங்கள், தெரியும் இடத்தில் கையைக் கட்டுங்கள். பைப், ஒயர், வாட்டர் ப்ரூஃபிங், மொட்டை மாடித் தளம் ஆகிய நான்கிலும் நல்லதாகப் போடுங்கள். டைல்ஸ், குழாய், பெயிண்ட் ஆகியவற்றில் நடுத்தரம் போதும். பெரிய மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் வாடகைக்கு வேண்டவே வேண்டாம். அதனால் வாடகை ஆயிரம் ரூபாய் கூடலாம், ரிப்பேர் அதைவிடக் கூடும்.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் மாதிரியான சில்லறைப் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. உங்கள் தலையில் விழப்போவதை முதலிலேயே கெட்டியாகச் செய்துவிட்டால் பின்னால் போன் வராது.

வரிக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். வாடகை வருமானத்தில் வீட்டுவரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு, நீங்கள் ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஐந்து லட்சம் செலவழித்தாலும் அதேதான். பெயிண்ட் பில்லைக் காட்டித் தனியாகக் கழிக்க முடியாது. வீட்டின் மதிப்பைக் கூட்டுகிற பெரிய வேலைகளின் பில்களை மட்டும் பத்திரமாக வையுங்கள், விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் உதவும்.

எந்த மாதத்தில் வேலை வைத்துக்கொள்வது?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடும் கூட்டம் ஏப்ரல், மே மாதத்தில்தான் அதிகம், பள்ளி திறப்பதற்கு முன். அதனால் தை பிறந்ததும் தொடங்கி பங்குனிக்குள் முடிப்பது எனக்குப் பிடித்த கணக்கு. வெயில் இருக்கும், பூச்சு காயும், பட்டி நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வெளிப்பூச்சும் பெயிண்ட்டும் வேண்டாம். தீபாவளிக்கு முன் இரண்டு வாரமும் பொங்கலுக்கு முன் இரண்டு வாரமும் ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் ஊருக்குப் போகிற அவசரத்தில் வேலை ஓடும். ஆடியில் நல்ல மேஸ்திரிகளுக்கே கொஞ்சம் ஓய்வு, ரேட் பேசலாம்.

நான் வெளியூரில் இருக்கிறேன், தினமும் போய்ப் பார்க்க முடியாது.

தினமும் வேண்டாம். நான்கு நாள் மட்டும் கட்டாயம் யாராவது அங்கே நிற்க வேண்டும்: உடைத்து முடிந்த நாள், சுவருக்குள் பைப்பும் ஒயர் குழாயும் பதித்து மூடுவதற்கு முன், தண்ணீர் கட்டிய பிறகு, கடைசியில் சாவி வாங்கும் நாள். உங்களுக்காக ஒரு ஓய்வு பெற்ற சிவில் ஆளையோ, வேலை தெரிந்த உறவினரையோ வைத்துக்கொள்ளுங்கள், சும்மா கேட்காமல் ஒரு தொகை கொடுங்கள். மச்சான் பார்த்துக்கொள்வார் என்று விட்டவர்களில் மச்சானோடு பேச்சு நின்றவர்களை எனக்குத் தெரியும். மற்ற நாட்களில் சாயங்காலம் ஒரு வீடியோ கால், மேஸ்திரி வீட்டைச் சுற்றி வந்து காட்டட்டும்.

நான் தனியாக வீடு வாங்கிய பெண். "வீட்ல சார் இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

என்னிடமும் கேட்டார்கள். "எல்லாம் என்கிட்டதான் பேசணும், பணமும் நான்தான் தருவேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் தம்பியைப் பார்த்துப் பதில் சொல்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு டேப்பும் சின்ன ரசமட்டமும் (தளம் மட்டமாக இருக்கிறதா என்று காட்டும் கருவி) பையில் வைத்திருங்கள். ஒருமுறை நீங்களே டைல்ஸ் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டால், அடுத்த நாளிலிருந்து அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

பெயிண்ட், பூச்சு, டைல்ஸ் மாற்றுவது மாதிரி வேலைக்குத் திட்ட அனுமதி தேவையில்லை. பால்கனியை அறையாக்குவது, கூடுதலாக அறை கட்டுவது என்றால் தேவை, அதில் மேஸ்திரி "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதைக் கேட்காதீர்கள். பிளாட்டில் தூணிலும் பீமிலும் கை வைக்கவே கூடாது. அசோசியேஷனுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, வேலை நேரத்தையும் ரப்பிஷ் எங்கே வைப்பது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கீழ் வீட்டுக்காரரை நேரில் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தண்ணீர் கட்டும்போது அவர் தயவு வேண்டும்.

வேலையில் யாருக்காவது அடிபட்டால்?

தயவுசெய்து இதை முதல் நாளே பேசுங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது, பதிவு செய்த தொழிலாளிக்கு விபத்து உதவி உண்டு. உங்கள் மேஸ்திரியின் ஆட்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளிச்சுவருக்குச் சாரம் கட்டும்போது பழைய கயிறு, உளுத்த கட்டை என்றால் ஏறவே விடாதீர்கள், வேலை ஒரு நாள் தள்ளிப்போகட்டும். நம் வாடகைக்காக ஒருவர் இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடப்பதை என்னால் தாங்க முடியாது.

பாதியில் விட்டுப் போய்விட்டார். இப்போது என்ன செய்வது?

முதலில் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ, வீடியோ எடுங்கள். எழுத்தில், பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில், இன்ன தேதிக்குள் வராவிட்டால் வேறு ஆளை வைத்து முடிப்பேன் என்று தெரிவியுங்கள். தேதி தாண்டியதும் உடனே வேறு ஆளை வையுங்கள். நான் செய்த பெரிய தப்பு, போன பணத்தை நினைத்து இரண்டு மாதம் அவருக்காகக் காத்திருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வாடகைக்கு விடும் வீடு என்பதால் இது வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம், அதனால் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுப் போங்கள்.

வேலை முடிந்தது, சாவி வாங்கப் போகிறேன். என்னென்ன கேட்டு வாங்குவது?

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பத்து நிமிடம் விடுங்கள், எல்லா சுவிட்சையும் போட்டுப் பாருங்கள், ஜன்னல் ஒவ்வொன்றையும் மூடித் திறங்கள். குறைகளை எழுதி மேஸ்திரியிடம் கொடுங்கள், கடைசி 20,000 அதற்குத்தான் இருக்கிறது. குறை தீர்ந்து, சொன்ன ஒரு மாதமும் முடிந்ததும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அதைக் கொடுத்துவிடுங்கள். தாம்பரம் மேஸ்திரி இன்றைக்கும் ஒரு குழாய் ஒழுகினால்கூட மறுநாள் காலையில் ஆள் அனுப்புவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் சுவரை மூடுவதற்கு முன் எடுத்த போட்டோக்கள், எந்த பைப் எங்கே போகிறது என்று டேப் வைத்து அளவு தெரிகிற மாதிரி. மிச்ச டைல்ஸில் ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி பரண் மேல் இருக்கட்டும், இரண்டு வருடம் கழித்து அதே ஷேட் கடையில் கிடைக்காது. பெயிண்ட் ஷேட் நம்பரை எழுதி மெயின் பெட்டியின் கதவுக்கு உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், அதற்குக் கீழேயே மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவரின் நம்பரும்.